அண்ணன் கூப்பிட்ட தீயணைப்பு வண்டி

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்குவதில்லை. ஊருக்கு அவன் 'சரிங்க'. யார் எதைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் "சரிங்க" என்று தலையாட்டிவிடுவதால் ஒட்டிக்கொண்ட பெயர். முடிவெட்டுகிறவர் "ஒட்ட வெட்டிடவா?" என்று கேட்டால் சரிங்க. பாதி வெட்டியபின் "இல்ல, கொஞ்சம் விட்டு வைக்கலாமா?" என்றால் அதற்கும் சரிங்க. அவன் தலை எப்போதும் இரண்டு பேருக்குச் சொந்தமான தலை மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒருமுறை பேருந்தில் நடத்துனர் வேறு யாரையோ பார்த்து "இறங்குய்யா" என்று கத்த, இவன் மரியாதையாக இறங்கி மிச்ச தூரத்தை நடந்தே போனான்.

அதே வயிற்றில்தான் அண்ணனும் பிறந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் 'புகார்'. தெருவிளக்கு எரியாவிட்டால் புகார் கொடுப்பார். பகலில் எரிந்தால் அதற்கும் கொடுப்பார். தன் கல்யாணத்திலேயே ஒலிபெருக்கிச் சத்தம் அதிகம் என்று காவல் நிலையத்துக்குப் போன் போட்ட மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். எந்த அலுவலகத்தின் எண்ணைக் கேட்டாலும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். அந்த அலுவலகங்களில் அவர் குரலைக் கேட்டதும் போனைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவார்கள்.

அப்பா இறந்தபின் பாகப் பிரிவினைக்குப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். விடியவிடியப் பேச்சு நடக்கும் என்று தயாராக வந்திருந்தார்கள். அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "கிணறும் கிணத்தை ஒட்டின கரிசலும் எனக்கு. மேட்டு நிலம் உனக்கு."

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள்.

"சரிங்கண்ணே" என்றான் அவன்.

பெரியவர்களுக்கு ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் விஷயம் முடிந்துவிட்டது. ஏமாற்றத்தோடு எழுந்து போனார்கள். அன்றிலிருந்து ஒரு வேடிக்கை நடந்தது. அண்ணன் தம்பியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நடுவில் முள்கம்பி வேலி போட்டார். கொடுத்தவன் சும்மா இருக்க, வாங்கியவன் கோபித்துக்கொண்டு போவதை உலகத்தில் எங்காவது பார்த்ததுண்டா? சரிங்க அதையும் கேட்கவில்லை. வருஷங்கள் ஓடின.

மேட்டு நிலம் என்பது சுத்தக் களிமண். காய்ந்தால் பாறை. ஏர் போட்டால் கொழு எகிறும். மழை பெய்தால் ஒரு சொட்டைக்கூட உள்ளே விடாமல் அப்படியே அண்ணன் வயலுக்கு அனுப்பிவைக்கும். மக்காச்சோளம் போட்டால் முழங்கால் உயரம் வளர்ந்து, வந்த இடம் சரியில்லை என்று தெரிந்துகொண்ட விருந்தாளி மாதிரி நின்றுவிடும். சுற்றியிருந்த நிலங்களை வாங்கித் தோண்டிக்கொண்டிருந்த செங்கல் சூளைக்காரர் ஒருநாள் வந்து ஒரு கட்டியை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"ஏற்கெனவே பாதி செங்கல்தான்யா இது. அறுத்து அடுக்க வேண்டியதுதான். இந்தத் தடவையும் வெள்ளாமை வரலேன்னா நான் தோண்டிக்கிறேன். என்ன?"

என்ன பதில் வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. சூளைக்காரர் தோண்டினால் ஆள் உயரத்துக்குத் தோண்டுவார். அதன்பின் அது நிலமல்ல, பள்ளம்.

அவன் மனைவிக்கு வாய் உண்டு. வீட்டுக்கு வேண்டிய வாய் முழுவதும் அவளிடம்தான் இருந்தது. அன்று அவள் கத்தவில்லை. சாப்பாட்டைப் போட்டு முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அந்த மண்ணுல ஒரு கூடை வெளிய போச்சுன்னா, அடுத்த கூடையைத் தூக்கிக்கிட்டு நானும் பொண்ணும் போயிடுவோம். பாத்துக்கங்க."

அவன் வேலை பார்த்தது மக்காச்சோளம் உதிர்க்கும் ஆலையில், எடை போடும் இடத்தில். மணி உதிர்ந்தபின் மிஞ்சும் கதிர்க்கட்டைகள் ஆலை முற்றத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. முதலாளி அதையும் அவன் தலையில் கட்டினார். "இந்தக் கட்டையெல்லாம் நீயே எடுத்துட்டுப் போயிடுய்யா." டிராக்டர் டிராக்டராக வந்து மேட்டு நிலத்தின் ஓரத்தில் கொட்டியது. கொஞ்ச நாளில் வீட்டைவிடக் குவியல் உயரமாகிவிட்டது. விலாசம் கேட்டு வருகிறவர்களுக்கு ஊரார் குவியலைக் காட்டி அனுப்பினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் வேளாண்மை அதிகாரி அம்மா பயிற்சி வகுப்பு ஒன்று போட்டார். விவசாயக் கழிவைக் கரியாக்கி மண்ணை வளப்படுத்துவது எப்படி என்பது பாடம். ஊர் முழுக்கக் கூப்பிட்டிருந்தார். வருகிறேன் என்று சொன்னவர்கள் பலர். வந்தவன் ஒருவன். வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். நடுவில் சரிங்க. அந்த அம்மாவும் லேசில் விடுகிறவர் இல்லை. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு முழு வகுப்பையும் அவனுக்கே நடத்தினார். "எல்லாருக்கும் புரியுதா?" என்று நடுநடுவே கேட்கவும் செய்தார். சரிங்க எல்லாருக்குமாகச் சேர்த்துத் தலையாட்டினான்.

பாடம் இதுதான். அடி குறுகி வாய் அகன்ற குழி ஒன்று வெட்ட வேண்டும். கழிவைப் போட்டு மேலிருந்து கொளுத்த வேண்டும். மேலே வெள்ளையாகச் சாம்பல் பூத்ததும் அடுத்த அடுக்கைப் போட வேண்டும். குழி நிறைந்து கடைசி அடுக்கில் சாம்பல் பூக்கும் நேரத்தில் குழி முழுவதும் தண்ணீர் விட்டு அணைத்துவிட வேண்டும்.

"அந்த நேரத்துல அணைச்சா கரி. விட்டுட்டா வெறும் சாம்பல்," என்றார் அந்த அம்மா. "கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க. மண்ணுல கலந்தா களிமண்ணு இளகும், தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், பல வருஷத்துக்கு அப்படியே இருக்கும். நீங்க செய்வீங்களா?"

"சரிங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் முதல்முறையாக அவனுடைய ஒரு சரியைத் திட்டவில்லை. மறுநாளே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளும் வந்தாள்.

குழி வெட்டினார்கள். கட்டைக்குப் பஞ்சமில்லை. தண்ணீருக்குத்தான் பஞ்சம். கிணறு வேலிக்கு அந்தப் பக்கம். ஊருக்குக் குடிக்கவே போதாத தண்ணீரை லாரியில் கொண்டுவந்து குழியில் ஊற்ற எவனும் தயாராக இல்லை. வீட்டிலிருந்த குடம், அண்டா, குளிக்கிற வாளி எல்லாவற்றையும் நிரப்பி வரிசையாக வைத்துக்கொண்டு கொளுத்தினார்கள். ஈரக் கட்டை. புகை எழுந்து வானத்தைப் பிடித்தது. குழி நிறைந்து, மேலே வெள்ளை பூத்தது. வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றினான். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்த நேரம் பார்த்து மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்தது. அண்ணன் போன் போட்டிருந்தார். தன் பாதையைத் திறந்துவிட்டு, வேலியைத் தாண்டிக் கையை நீட்டி இடத்தையும் காட்டினார். வீரர்கள் குழாயை இழுத்து வந்து குழியை மூழ்கடித்துவிட்டார்கள். நிலைய அதிகாரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு திட்டினார்.

"இனிமே இங்க எதையும் கொளுத்தக் கூடாது. புரிஞ்சுதா?"

"சரிங்க."

மறுநாள் குழியைக் கிளறிப் பார்த்தான். கட்டைகள் வடிவம் கலையாமல் கன்னங்கரேலென்று கிடந்தன. எடை இல்லை. ஒன்றோடொன்று தட்டினால் கண்ணாடி மாதிரிச் சத்தம். வகுப்பில் அந்த அம்மா காட்டிய மாதிரியேதான். அவன் அப்படியே குழியோரம் உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் கொளுத்துகிறேன் என்று ஒருவருக்கும், கொளுத்த மாட்டேன் என்று இன்னொருவருக்கும் சரி சொல்லியாயிற்றே. மனைவிதான் வழக்கைத் தீர்த்தாள். "முதல்ல யார்கிட்ட சொன்னீங்க?"

"அந்த அம்மாகிட்ட."

"அப்ப முதல்ல சொன்ன சரிதான் செல்லும். போய்க் கட்டையை அடுக்குங்க."

அடுத்த முறை நன்றாகக் காய்ந்த கட்டையாகப் பார்த்து அடுக்கினான். கைப்பக்குவமும் வந்துவிட்டது. புகையே இல்லாமல் அழகாக எரிந்தது. சாம்பல் பூத்தது. வண்டி வரவில்லை. மண்ணைப் போட்டு மூடப் பார்த்தான். அவன் மண் கட்டிகட்டியாகத்தான் வரும். இடுக்கு வழியாகக் காற்றுப் புகுந்து எல்லாம் எரிந்து, குழியில் ஒரு கூடை சாம்பல் மிஞ்சியது. மனைவி வேலியோரம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். அண்ணன் கட்டிலில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அவர் போனே பண்ணலைங்க," என்றாள். "புகை வரல. அதான் அவருக்குத் தெரியல."

நன்றாகச் செய்ததுதான் தப்பாகப் போயிற்று.

அதன்பின் ஒவ்வொரு தடவையும் குழி ஓரத்தில் ஓர் ஈரச் சாக்கையும் பச்சைத் தட்டைகளையும் தனியாகப் புகையவிட்டார்கள். அண்ணன் தவறாமல் போன் செய்தார். வண்டி தவறாமல் வந்தது. நிலைய அதிகாரிக்கும் இதில் வருத்தமில்லை. அந்த ஊரில் எதுவும் தீப்பிடிப்பதில்லை. வேலையே இல்லாத நிலையம் எதற்கு என்று மேலிடத்தில் கேட்டுக்கொண்டிருந்த காலம். அவர் கடமைக்குத் திட்டுவார். திட்டி முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "சாம்பல் பூத்துடுச்சா, இன்னும் கொஞ்சம் நிக்கணுமா?" என்பார். வீரர்கள் குழாயைப் பிடித்தபடி, முகூர்த்தத்துக்குக் காத்திருப்பவர்களைப் போல நிற்பார்கள். போகும்போது நிலையத்து ரோஜாத் தொட்டிகளுக்கு ஒரு பை கரி எடுத்துப் போவார்கள்.

"நாங்களே கூப்பிட்டா வர மாட்டீங்களா சார்?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"தீ வெச்சவரே கூப்பிட்டா அது குற்றம்மா. பக்கத்து வயல்காரர் கூப்பிட்டா அது சேவை. சட்டம் அப்படி."

பக்கத்து வயல்காரர் என்று இருந்தவர் அண்ணன் ஒருவர்தான். மற்ற மூன்று பக்கமும் சூளைக்காரர் தோண்டிய பள்ளங்கள்.

முதலில் எடுத்த கரியை அவசரப்பட்டு அப்படியே ஒரு மூலையில் கொட்டிக் கொத்தி, கீரை விதைத்தான். கீரை மஞ்சளாகிவிட்டது. அதிகாரி அம்மா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "கரியைப் பசியோட அனுப்பினா அது பயிரோட சாப்பாட்டைப் பிடுங்கித் தின்னும். முதல்ல அதுக்கு ஊட்டிவிட்டு அனுப்புங்க." சாணியும் மாட்டு மூத்திரமும் கரைத்த தொட்டியில் கரியை ஊறவைத்துப் பிறகு மண்ணில் கலந்தான். மழை ஒன்று பெய்தது. அந்த மூலையில் மண்வெட்டியைப் போட்டான். எப்போதும் 'டங்' என்று எகிறும் மண்வெட்டி 'சதக்' என்று இறங்கியது. இன்னொரு தடவை போட்டான். சந்தேகம் தீராமல் மனைவியைக் கூப்பிட்டு அவளையும் போடச் சொன்னான்.

பாதி நிலம் முடிந்தது. மிச்சப் பாதியை விதைப்பு மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் சூளைக்காரர். இந்த நேரத்தில்தான் அண்ணனுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது.

வலியில் சுருண்டு கிடந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள்மேல் அவர் ஏகப்பட்ட புகார் கொடுத்திருந்ததால் அவர்கள் வழி விசாரித்து விசாரித்து நிதானமாக வந்துகொண்டிருந்தார்கள். அண்ணி வேலியோரம் நின்று அலறினாள். சரிங்க முள்கம்பியைத் தாண்டிப் போய், அண்ணனைத் தூக்கி ஆட்டோவில் போட்டு, மடியில் தலையை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். கல் வெளியேறும்வரை கூடவே இருந்தான். திரும்பி வந்த அண்ணன் வேலியோரம் நின்று, இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகத் தம்பியைக் கூப்பிட்டார்.

"டேய் தம்பி. சத்தியமா சொல்றேன், இனிமே உன்மேல ஒரு புகார்கூடக் குடுக்க மாட்டேன். நீ பாட்டுக்குக் கொளுத்து. எவ்வளவு புகை வந்தாலும் நான் பொறுத்துக்கிறேன்."

சரிங்கவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மனைவி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தம்பி உள்ளவன் படைக்கு அஞ்சான் என்பார்கள். அண்ணன் பாசத்துக்கு அஞ்ச வேண்டிய நிலைமை இவர்களுக்கு.

கொளுத்திப் பார்த்தார்கள். அண்ணன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, இருமிக்கொண்டு, அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் சாம்பல். கிணற்றுத் தண்ணீரைக் கேட்டுப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கேட்பது என்ற வித்தையே அவனுக்குத் தெரியாது. மனைவி கேட்கிறேன் என்றாள். "வேணாம், அவர் சங்கடப்படுவாரு," என்று தடுத்துவிட்டான்.

"அப்ப சண்டையாவது போடுங்க," என்றாள் அவள். "நல்லா நாலு வார்த்தை கேட்டீங்கன்னா கோபம் வந்து போனை எடுப்பாரு."

சமையலறையில் ஒத்திகை நடந்தது. அவள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அண்ணனாக நின்றாள். அவன் எதிரில் நின்று கையைக் கட்டிக்கொண்டான்.

"அண்ணே, நீங்க தப்பா நெனைக்கலேன்னா, ஒரு கெட்ட வார்த்தை சொல்லலாமாண்ணே?"

"அனுமதி கேக்காதீங்க," என்று அவள் கரண்டியால் அடுப்பைத் தட்டினாள். "கஞ்சன்னு சொல்லுங்க. மூஞ்சியைப் பாருன்னு சொல்லுங்க. ஊர்ல உங்களை யாரும் மதிக்கலைன்னு சொல்லுங்க."

அவன் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டான். கடைசிக் குழியைப் பெரிதாக வெட்டினான். மிச்சக் குவியல் முழுவதையும் அடுக்கடுக்காகப் போட்டு எரித்தான். கடைசி அடுக்கு எரியத் தொடங்கியதும் வேலிக்குப் போனான். மனைவி குழியோரம் காவல் நின்றாள்.

"அண்ணே, நீங்க கஞ்சன்."

"ஆமாடா. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப நானும் அதைத்தான் நெனைச்சேன்," என்றார் அண்ணன்.

"ஊர்ல உங்களை யாரும் மதிக்கலண்ணே."

"உண்மைதான்டா. நீயாவது சொன்னியே."

"உங்க மூஞ்சி நல்லால்லண்ணே."

"அது அப்பா மூஞ்சி. என்ன பண்றது? உள்ள வாடா, டீ குடிச்சிட்டுப் போ."

எதிராளி இப்படித் தலையாட்டினால் ஒரு மனிதன் எப்படிச் சண்டை போடுவது? ஊரெல்லாம் தன்னிடம் பட்ட பாடு என்ன என்று சரிங்கவுக்கு அன்றுதான் தெரிந்தது. பின்னாலிருந்து மனைவி கத்தினாள்: "ஏங்க, சாம்பல் பூக்குதுங்க."

மனப்பாடம் செய்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. நிலம் போகப்போகிறது, அவளும் போகப்போகிறாள். எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியாது, வாய் தானாகத் திறந்தது.

"கிணத்தை ஏன் எடுத்துக்கிட்டே?"

அண்ணன் திரும்பினார். "என்னது?"

"நான் சரின்னு சொன்னா நீ எடுத்துக்குவியா? நான் எல்லாத்துக்கும்தான் சரின்னு சொல்லுவேன். உனக்குத் தெரியாதா? நீ அண்ணன்தானே? நீதானே வேணாம்டான்னு சொல்லியிருக்கணும்?"

"நீயா? என்னையா நீன்னு சொன்னே?"

"ஆமா. நீதான். நீ எடுத்தது தப்பு."

அண்ணன் முகம் சிவந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, அவருக்குள்ளும் வருஷக்கணக்காகக் கிடந்தது கிளம்பியது. "டேய், நான் முழுசா கேட்டது நீ பாதியாவது கேப்பேன்னுதான்டா. ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருந்தா பாதிக் கிணத்தைக் குடுத்திருப்பேன். நீ சரின்னுட்டு எழுந்து போயிட்டே. அத்தனை பெரியவங்க முன்னாடி நானா திருப்பிக் குடுத்தா நான் ஏமாத்தப் பாத்தேன்னு ஆயிடாதா? அந்தக் கிணத்துத் தண்ணி எனக்கு ஒருநாளாவது இனிச்சிருக்குமாடா? உன்னாலதான்டா."

"என்னாலயா? எடுத்தது நீ, பழி எனக்கா?"

"மறுபடியும் நீன்னு சொல்றான் பாரு."

கோபம் வந்தால் அண்ணனுக்குக் கை தானாகப் போனுக்குப் போகும். அன்றும் போயிற்று. "ஹலோ, தீயணைப்பு நிலையமா? என் தம்பி என்னை எதிர்த்துப் பேசறான்."

"தீ இருக்கா சார்?" என்றது மறுமுனை.

"அது பின்னாடி எரிஞ்சிக்கிட்டிருக்கு, அதை விடுங்க. என்னை நீன்னு சொல்றான்யா."

வண்டி பறந்து வந்தது. வீரர்களில் பாதிப்பேர் குழியை அணைத்தார்கள், பாதிப்பேர் வேலியோரம் அண்ணன் தம்பியைப் பிடித்து விலக்கினார்கள். குழி பெரிது. வண்டித் தண்ணீர் தீர்ந்தபின்னும் ஒரு பக்கம் கனன்றுகொண்டிருந்தது. அண்ணன் அதைப் பார்த்தார். விறுவிறுவென்று போய்க் கிணற்று மோட்டாரைப் போட்டுக் குழாயை வேலிக்கு மேலே வீசினார். "நான் கூப்பிட்ட வண்டி. அது வந்தும் தீ அணையலேன்னா அவமானம் எனக்குத்தான்," என்று நிலைய அதிகாரியிடம் சொன்னார். தம்பியைப் பார்க்கவில்லை. தம்பியும் அவரைப் பார்க்கவில்லை. குழாயை மட்டும் பிடித்துக்கொண்டான்.

கரி பிழைத்தது. ஊறவைத்தார்கள், கலந்தார்கள், மழை வந்தது, விதைத்தார்கள். மேட்டு நிலம் முதல்முறையாக மழையை உள்ளே வைத்துக்கொண்டது. சோளம் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்தது. இலை கரும்பச்சை. கதை இத்தோடு முடிந்திருந்தால் நமக்கும் நிம்மதி.

சூளைக்காரர் வந்தார். பயிரைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கு நின்ற கரிசல் சோளத்தையும் பார்த்தார். "பக்கத்து வயல் மாதிரியா இருக்கு இது?"

"இல்லீங்க," என்றான் சரிங்க, உண்மையைச் சொல்கிறவனாக.

"அப்ப வெள்ளாமை வரலேன்னுதானே அர்த்தம்? நாளைக்குக் காலைல தோண்ட பொக்லைன் வரும்."

"சரிங்க."

அட மனுஷா. அவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொண்ட ஒரே ஒரு சண்டை அண்ணனுக்கு மட்டும்தான் செல்லும் போலிருக்கிறது. மனைவி உள்ளே போய்த் துணிகளைக் கூடையில் அடுக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் அவன் வேலிக்கு ஓடி நடந்ததைச் சொன்னான்.

"ஏன்டா சரின்னே?" என்று தலையில் அடித்துக்கொண்டார் அண்ணன்.

"வாயில வந்துடுச்சுண்ணே."

அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். சூளைக்காரர்மேல் புகார் கொடுக்க முடியாது. நிலத்துக்காரனே ஊர் கேட்க இரண்டு தடவை சம்மதம் சொல்லியிருக்கிறான். தம்பிமேல் கொடுப்பதில்லை என்று சத்தியம்; கோபத்தில் ஒருதடவை மீறியதே போதும். உலகத்தில் யார்மேல்தான் புகார் கொடுப்பது என்று தெரியாமல் அவர் திண்டாடியது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான். திடீரென்று முகம் தெளிந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு நில அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

காலையில் பொக்லைன் வந்தபோது வயல் முகப்பில் அண்ணன் நின்றிருந்தார். பக்கத்தில் நில அலுவலகச் சிப்பந்தி ஒருவர்.

"இந்த நிலம் தகராறுல இருக்கு. முடியற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது," என்றார் சிப்பந்தி.

"என்ன தகராறு?" என்றார் சூளைக்காரர்.

"பாகம் பிரிச்சதுல இவர் தம்பியை ஏமாத்திட்டாராம்."

"யார் புகார் குடுத்தது?"

"நான்தான்," என்றார் அண்ணன்.

"யார்மேல?"

"என்மேல."

சூளைக்காரர் டிரைவரிடம் வண்டியைத் திருப்பச் சொன்னார். இப்படிப்பட்ட குடும்பத்தோடு வம்பு வேண்டாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாராம்.

விசாரணை நாளில் அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் போனார்கள். நில அலுவலகத்தில் மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. புகார் கொடுத்தவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒருவரே என்பதால் எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல், அண்ணனுக்கு இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் மாறி மாறி உட்கார்ந்தார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தம்பியைப் பார்த்தார்.

"உங்க அண்ணன் உங்க பங்குக் கிணத்தையும் நல்ல நிலத்தையும் எடுத்துக்கிட்டாருன்னு அவரே சொல்றாரு. உண்மையா?"

சரிங்க அண்ணனைப் பார்த்தான். வேலியோரம் என்றால் வந்த வார்த்தை, அதிகாரி முன்னால் வரவில்லை. அண்ணன் முழங்கையால் அவன் விலாவில் இடித்தார். "சொல்லுடா. இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு. அவங்க எழுதணும்."

"உண்மைதாங்க," என்றான்.

"வேற ஏதாவது எடுத்திருக்காரா?"

அண்ணன் இல்லை என்று தலையாட்டினார். தம்பி ஆமாம் என்றான்.

"கிணத்தை எடுத்துக்கிட்டதுகூடப் பரவாயில்லீங்க," என்றான். "அதுக்கப்புறம் அத்தனை வருஷமா என்கூடப் பேசவே இல்ல. என் பொண்ணு பொறந்தப்பகூட வந்து பாக்கல. வேலிக்கு அந்தப் பக்கம் அவரு இருமுறது கேக்கும். போய் என்னண்ணேன்னு கேக்க முடியாது. அந்த வருஷங்க எல்லாத்தையும் இவருதாங்க எடுத்துக்கிட்டாரு. அதையும் எழுதிக்கங்க."

அண்ணன் குற்றவாளி நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எழுத்தர் பேனாவை வைத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தார்.

"அதை எப்படி சார் எழுதறது? எத்தனை சென்ட்டுன்னு போடறது?"

அதிகாரிக்கும் தெரியவில்லை. துண்டுக்குள்ளிருந்து அண்ணன்தான் சொன்னார்: "எவ்வளவு போட முடியுமோ அவ்வளவு போடுங்க. என் பேர்லயே போடுங்க."

விசாரணையை ஒத்திவைத்தார்கள். இருவரும் வெளியே வந்தார்கள். அண்ணன் வண்டியை எடுக்கவில்லை, வேப்பமரத்தடியில் சாய்ந்து நின்று அழுதார். தம்பி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை பக்கத்தில் நின்றான்.